வெங்கடேசனுக்காகச் சொன்ன பொய்

ஆக்லாந்து விமான நிலையத்தில் முதலில் என் செருப்பைத்தான் விசாரித்தார்கள். அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னையே யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அப்புறம் பையைத் திறக்கச் சொன்னார்கள். நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், ஒரு கட்டுப் பச்சைக் கருவேப்பிலை. எல்லாவற்றையும் பாரத்தில் ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். கருவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, "உள்ளதைச் சொன்னதற்கு நன்றி" என்றாள் அந்த அதிகாரிப் பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காத்திருந்த தம்பி பாஸ்கரிடம் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன்.

"பரவாயில்லையே, நீ உண்மை பேச ஆரம்பிச்சுட்டியாக்கா" என்றான். அக்காவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அவன் பக்கத்தில் சரோஜ் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம், கட்டையான கூந்தல், கையில் எனக்காகக் கொண்டுவந்த கம்பளிக் கோட்டு. ஃபிஜித் தீவுக்காரி. அவளுடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்பு வெட்டப் போனவராம். அவர் கொண்டுபோன தமிழில் இவளிடம் மிஞ்சியிருப்பது அக்கா, அம்மா, சாமி, அரோகரா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் குப்பை கொட்டியவள் என்பதால் எப்படியோ சமாளித்தேன். இந்தக் கட்டுரையில் அவள் பேசுவதெல்லாம் நான் தமிழாக்கியது.

"அக்கா" என்று அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லி, கோட்டை எனக்கு மாட்டிவிட்டாள்.

விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்கரும் சரோஜும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். பாஸ்கருக்கு நியூசிலாந்துக் குடியுரிமை உண்டு. சரோஜ் அப்போது வேலை விசாவில் இருந்தாள். அது ஆகஸ்டோடு முடிவதாக இருந்தது. அதற்குள் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கிவிட வேண்டும் என்று பாஸ்கர் அவளுக்குப் பொறுப்பேற்று விண்ணப்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. கிடைக்காவிட்டால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர்கள் வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. நூறு வயசு மரவீடு. நடந்தால் பலகை முனகும், பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும், குளிர் மட்டும் சுவரைக் கேட்காமலேயே உள்ளே வரும். மே மாதம் அங்கே குளிர்காலம் தொடங்கும் சமயம். படுக்கையில் கரண்டில் சூடாகும் விரிப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள் சரோஜ். எனக்குத் தோசைக்கல்லில் படுத்த மாதிரி இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் முதல் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வாசல்களில் பைகள் தொங்குவதைப் பார்த்தேன். முட்டை வடிவத்தில் பச்சைப் பழங்கள், ஃபீஜோவா என்று பெயர். மரத்தில் காய்த்துக் கொட்டுகிறது, தின்று மாளவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உறையூரில் எங்கள் எதிர்வீட்டு மாமரம் ஒரு காயை எங்கள் பக்கம் போட்டால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். நான் இரண்டு பை தூக்கிக்கொண்டு வந்தேன். கொய்யாவும் வாசனை சோப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. மூணு நாளில் எனக்கும் திகட்டிப்போய், நானே ஒரு பையை வாசலில் தொங்கவிட்டேன்.

சரோஜுக்கு என்ன வேலை தெரியுமா? பஸ் ஓட்டுகிறாள். சும்மா பஸ் இல்லை, ரெட்டை மாடி பஸ். விடிவதற்கு முன் கிளம்பி, மத்தியானம் வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு சப்பாத்திக்கு மாவு பிசைவாள். முதல் ஞாயிற்றுக்கிழமை டின்னில் அடைத்த மீனை உடைத்து ஒரு குழம்பு வைத்தாள். டின் மீனா என்று மனசுக்குள் முகம் சுளித்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்ப இலையும், பெரிய பெரிய சேப்பங்கிழங்குத் துண்டுகளும் கூட இருந்தன. மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது பாஸ்கர் என் தட்டையே பார்த்தான். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து அவன் ஒரு தடிமனான கோப்பைக் காட்டினான். குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பியதன் நகல். இரண்டு பேர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், ஒரே விலாசத்துக்கு வந்த கடிதங்கள், ஊர் சுற்றிய படங்கள், "பால் வாங்கிட்டு வா", "மழை வருது, துணியை எடு" என்று அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள்.

"பேசாம ஒரு கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடிச்சா இத்தனை காகிதம் எதுக்குடா?"

"கட்டினாலும் இதே காகிதம்தான்க்கா. தாலி இருக்கான்னு அவங்க கேக்கலை. சேர்ந்து வாழுறீங்களான்னுதான் கேக்குறாங்க."

சரோஜ் சிரித்தாள். "எனக்கு ஒரு தடவை நானூறு பேர் சாப்பிட்டு கல்யாணம் நடந்தது அக்கா. அந்த ஆள் ஆறே வருஷத்தில் போய்விட்டான். இந்தத் தடவை சாப்பாடு இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன்" என்றாள்.

எனக்கு என் கணக்கு ஓடியது. கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷம். நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து வாழ்கிறோம் என்று இந்த அலுவலகம் கேட்டால் எதைக் காட்டுவேன்? கரண்ட் பில் மாமனார் பெயரில். சேர்ந்து எடுத்த படம் மூன்று. அதில் ஒன்றில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். குறுஞ்செய்தி என்று அவர் எனக்கு அனுப்பியது ஒரே ஒரு தடவை: "சாவி எங்கே".

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். ஆனால் பாஸ்கர் கல்யாணம் செய்யாமல் ஒருத்தியோடு இருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தப் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தது வேறு. பாஸ்கருக்குக் கோர்ட்டில் விவாகரத்தாகி எட்டு வருஷம் ஆகிறது, பாவம், தனியாகக் கிடக்கிறான் என்பதுதான் அது.

அந்தப் பாவம் எப்படி நியூசிலாந்து வரை போனது என்பதற்கு வெங்கடேசன் காரணம். வெங்கடேசன் எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். எங்க வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆதார், பாஸ்போர்ட், பட்டா, எதுவானாலும் உறையூரில் பாதிப் பேர் அவனிடம்தான் போவார்கள். என் சுற்றுலா விசாவுக்கும் அவனிடம்தான் போனேன். பாரத்தை முடித்துவிட்டு, "கூட ஒரு லெட்டர் வச்சா ஸ்ட்ராங்கா இருக்கும் அண்ணி" என்றான். டைப் அடித்துக்கொண்டே தலையைத் திருப்பாமல், "தம்பி தனியாத்தானே இருக்காரு?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். "ஆமா" என்றேன். "சமைச்சுப் போடக்கூட ஆள் இல்லை" என்று அதற்குக் காலும் கையும் வைத்தேன். அவன் அதை அப்படியே இங்கிலீஷில் அடித்தான். நான் கையெழுத்துப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நியூசிலாந்து அரசாங்கத்திடம் பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துளியும் எண்ணமில்லை. நான் வெங்கடேசனிடம்தான் பொய் சொன்னேன்.

நாலாம் நாள் தனியாகவே டவுனுக்குப் போய்த் துறைமுகம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். போகும்போது ரயில் இருந்தது. திரும்பும்போது தண்டவாள வேலை, ரயில் கிடையாது, பஸ்ஸில் போங்கள் என்று மஞ்சள் சட்டைக்காரர் கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் இரண்டு பஸ் நின்றது. இரண்டில் எது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஜம்மென்று ஒன்றில் ஏறி, மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பஸ் பெருஞ்சாலையில் ஏறியது. கடல் வந்தது, சதுப்பு வந்தது, நிற்கிற வழியாகத் தெரியவில்லை. கடைசியில் கண்ணாடியும் தகரமுமாகப் பெரிய பெரிய கடைகள் முளைத்த ஒரு பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெஸ்ட்கேட் என்று பலகை. கடைகளுக்குப் பின்னால் வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர், தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த அம்மா, ஒருத்தர் பாக்கியில்லை. நான் கடைசியாகப் போய் மவுண்ட் ஆல்பர்ட் என்றேன். டிரைவர் சமோவாத் தீவுக்காரர். என்னைப்போல் இரண்டு பேர் உட்காரலாம் என்கிற அளவுக்கு அகலம்.

"நீங்கள் போக வேண்டியது அந்தப் பக்கம், வந்திருப்பது இந்தப் பக்கம்" என்று சிரித்தவர், என் கோட்டைப் பார்த்தார். "இந்தக் கோட்டு எனக்குத் தெரியுமே. சரோஜ் போடுவதல்லவா? நீங்கள் அவளுடைய அக்காவா? இந்தியாவிலிருந்து என் அக்கா வருகிறார் என்று டிப்போவில் எல்லோரிடமும் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவரே திரும்பும் நடையில் என்னை உட்காரவைத்து, எங்கே இறங்கி எதில் மாற வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். அவள் டிப்போவுக்கே என்னைச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் அவளை ஒரு பிரவுசிங் சென்டருக்குக்கூடச் சொல்லவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில்தான். பாஸ்கர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

நீங்கள் இருவரும் இந்த விலாசத்தில் இரண்டு வருஷமாகச் சேர்ந்து வாழ்வதாகச் சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் அக்கா தன் விசாவுக்குக் கொடுத்த கடிதத்தில், அதே விலாசத்தில் நீங்கள் தனியாக வாழ்வதாகவும் சமைத்துப் போட ஆளில்லை என்றும் எழுதியிருக்கிறார். இந்த உறவை உங்கள் குடும்பத்தார் அறிவார்களா என்பதும் தெளிவாக இல்லை. அடுத்த திங்கட்கிழமைக்குள் விளக்கம் தரவும். சாரம் இதுதான்.

"அக்கா, ரெண்டு வருஷமா பால் வாங்கின மெசேஜைக்கூட விடாம சேர்த்து வச்சேன். நீ ஒரே வரியில முடிச்சுட்டியே" என்றான் பாஸ்கர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சரோஜ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது.

வெங்கடேசன் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. கருவேப்பிலைக்கு உண்மை சொல்லி நன்றி வாங்கிய வாய் இது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் எனக்குத் தட்டு வைத்தாள். அன்றைக்கு ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்ததும் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தாள். "ஃபிஜியில் பா என்கிற எங்கள் ஊரிலும் ஒரு வெங்கடேசன் உண்டு" என்றாள். "பெயர் மட்டும் ராம் கிஷோர். நான் வீட்டை விட்டு வந்தபோது என் அம்மாவும் அவனிடம், படிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் சொன்னாள். முப்பத்தொன்பது வயதில் என்ன படிப்பு என்று அவனும் கேட்கவில்லை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஆனால் நான் திரும்பி அங்கே போக முடியாது" என்றாள். "போய் என்ன சொல்வேன், படிப்பு முடிந்தது என்றா?"

வழி ஒன்றுதான். நானே ஒரு உறுதிமொழிக் கடிதம் எழுதி, அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கென்று அங்கே ஊருக்கு ஊர் ஆட்கள் உண்டு, நூலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து இலவசமாகச் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருந்தவர் அந்த வாரம் இல்லை. சனிக்கிழமை பக்குரங்காவில் ஒருவர் இருப்பார் என்று கண்டுபிடித்தான் பாஸ்கர். கடிதத்தை மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். நான் பொய் சொன்னது, ஏன் சொன்னது, இவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எல்லாம். கடைசி வரி பாஸ்கர் சேர்த்தது: "எங்கள் குடும்பத்தார் அனைவரும் இவர்களைத் தம்பதிகளாக ஏற்றுக்கொண்டுள்ளனர்."

சனிக்கிழமை நல்ல மழை. ஊரின் கிழக்குக் கோடிக்கு முக்கால் மணி நேரம் காரில். பக்குரங்காவில் ஒரு பெரிய கடைவளாகம், பக்கத்திலேயே நூலகம். வாசலுக்கு அருகே ஒரு சின்ன மேசை, முத்திரை, மைப்பெட்டி. அதன் பின்னால் ஸ்வெட்டர் போட்ட மெலிந்த மனிதர். என் பெயரைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"மங்கையர்க்கரசி. நீங்கள் தமிழோ? வாங்கோ, இருங்கோ."

யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் ஊரில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்கு வராந்தாவில் கால்கடுக்க நிற்போம். இங்கே இருங்கோ என்கிறார். இப்படிச் சத்தியக் கையெழுத்து வாங்குகிறவரை இலங்கைத் தமிழில் சமாதான நீதவான் என்று சொல்வார்களாம், பெயரே எவ்வளவு அழகாக இருக்கிறது. கடிதத்தை நிதானமாகப் படித்தார். வெங்கடேசன் வரும் இடத்தில் அவர் மீசை லேசாக அசைந்ததை நான் கவனித்தேன்.

"இதில எழுதியிருக்கிறது எல்லாம் உண்மை எண்டு உறுதி சொல்லுறீங்களோ அம்மா?"

சொல்லு என்று பாஸ்கர் கண்ணைக் காட்டினான். சரோஜ் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கடிதத்தின் அடியில் விரலை வைத்தேன்.

"கடைசி வரி மட்டும் இடிக்குது சார்" என்றேன். "எங்க குடும்பத்துல யாருக்கும் இன்னும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆனா காதுல போட்டுக்க மாட்டாரு."

"அக்கா" என்று பல்லைக் கடித்தான் பாஸ்கர்.

"ஓம், அப்ப நான் கையெழுத்து வைக்கேலாது" என்றார் அவர், கோபமில்லாமல். "சரியாக்கிப்போட்டு வாங்கோ. நான் ஒரு மணி வரைக்கும் இஞ்சதான் இருப்பன்."

நூலக வாசலில் கூரைக்குக் கீழே நின்றேன். மணி பதினொன்றரை. ஊரில் விடிகாலை ஐந்து. எங்க வீட்டுக்காரர் எழுந்திருப்பார். முதல் டிரிப் எடுத்த பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. போனைப் போட்டேன்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. பாஸ்கரைப் பத்திப் பேசணும். டிவியைப் போடாதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யால் ஒருத்தி வீடு வாசலை விட்டுப் போகவேண்டி வரும் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் காபி ஆற்றுகிற சத்தம் நின்றது.

"அந்தப் பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"பஸ் ஓட்டுறா."

"என்னது?"

"பஸ்ஸுங்க. ரெட்டை மாடி."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க எங்க சொல்லவிட்டீங்க? இங்க ஒரு பழக்கம் இருக்கு. இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் இறங்குறாங்க."

"எல்லாருமேவா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரைக்கும்."

தொண்டையைச் செருமினார். "முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன்" என்றார். அதற்கு மேல் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு, "எல்லாருக்கும் சொல்லிடு. வெங்கடேசன்கிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா சரிப்படாது. அந்தப் பொண்ணை மழையில பார்த்து ஓட்டச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரோஜ் டிரைவர் சட்டையில் நிற்க நானும் பாஸ்கரும் இரண்டு பக்கமும் நிற்கிற படத்தைத் தேடி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். நாற்பத்தாறு பேர் இருக்கிற குழு. "இது சரோஜ். பாஸ்கரும் இவளும் ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்காங்க. கல்யாணம் பண்ணலை, பண்ணுற எண்ணமும் இல்லை. இனிமே தம்பி தனியா இருக்கான்னு யாரும் கவலைப்பட வேண்டாம்."

அந்த நேரத்திலும் ஒருத்தன் முழித்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷத்தில் வெங்கடேசனிடமிருந்து பதில் வந்தது: "அண்ணி, அப்ப நாம டைப் பண்ணது?"

உள்ளே போய் சமாதான நீதவானிடம் போனை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இப்ப எல்லாரும் ஏற்றுக்கொண்டினமோ?" என்றார்.

"அது தெரியாது சார். சொல்லியாச்சு, அது மட்டும் நிஜம்."

"அப்ப அதை எழுதுங்கோ, காணும்." காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

கடைசி வரியை அடித்துவிட்டு, பேனாவால் எழுதினேன்: "இன்று காலை என் கணவருக்கும் உறவினர் அனைவருக்கும் நானே தெரிவித்துவிட்டேன்." அடித்த இடத்தில் நான் இனிஷியல் போட, அவரும் பக்கத்தில் போட்டு, முத்திரையைக் குத்தினார். வாட்ஸப் பக்கத்தையும் வெங்கடேசனின் கேள்வியோடு சேர்த்து பாஸ்கர் அனுப்பி வைத்தான். வெளியே வரும்போது சரோஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் அக்கா?" என்று கேட்டாள். அந்த அக்காவைக் கேட்டதும் பாதி மலை இறங்கின மாதிரி இருந்தது.

"மழையில் பார்த்து ஓட்டச் சொன்னார்" என்றேன். அவள் நடைபாதையில் நின்றபடியே அழுதாள்.

மிச்சமிருந்த நாட்கள் நன்றாகவே போயின. பதில் வரவில்லை, ஆனால் யாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டும் இருக்கவில்லை. சரோஜ் பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்து இரண்டு தடவை துறைமுகப் பாலத்தைக் கடந்தேன். இறங்கும்போது மற்றவர்களைப்போல நானும் நன்றி சொன்னேன். அவளும் யாரோ பயணிக்குச் சொல்வதுபோல் தலையசைத்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊரில் குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு சித்தப்பா வெளியேறினார், தீபாவளிக்குள் வந்துவிடுவார். எங்க வீட்டுக்காரர் தினமும் ஒரு கேள்வி அனுப்பினார். வண்டி எத்தனை அடி, கியர் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை நடை. "சாவி எங்கே"க்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு இவ்வளவு செய்தி வந்தது அப்போதுதான்.

நான் உறையூர் திரும்பி மூன்று வாரம் கழித்து பாஸ்கர் போன் செய்தான். சரோஜுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பின்னால் அவள் "அரோகரா" என்று சொல்வது கேட்டது.

போன வாரம் மறுபடி வெங்கடேசன் கடைக்குப் போனோம். போனோம் என்றால் இந்தத் தடவை எங்க வீட்டுக்காரரும். அடுத்த மே மாதத்துக்கு இரண்டு பேருக்கும் விசா. எங்கே தங்குவீர்கள் என்ற இடம் வந்ததும் வெங்கடேசன் தயங்கினான். "அண்ணி, அங்க ரெண்டு பேரையும் என்னன்னு போடறது? கல்யாணம்தான்..."

"அதெல்லாம் பாரத்துல கேட்டிருக்கா?" என்றார் எங்க வீட்டுக்காரர். "கேட்டதை மட்டும் அடி."

அடித்தான். பாரம் முடிந்தது. பழக்கதோஷத்தில், "கூட ஒரு லெட்டர் வச்சா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றான்.

"வை" என்றேன். "முதல் வரி, என் தம்பி தனியா இல்லைன்னு போடு."

அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அதை அவங்க கேக்கவே இல்லையே அண்ணி."

"போன தடவையும் அவங்க கேக்கலை. நீதான் கேட்டே. இப்ப அடி."